வியன்னாவின் வெள்ளைக்குதிரை வாத்தியார்கள்

காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், வியன்னா நகரின் நடுவே ஹோஃப்பர்க் அரண்மனையை ஒட்டிய குறுகலான தெருவில் போக்குவரத்து சட்டென்று நின்றுபோகிறது. ஒரு பக்கம் ஸ்டால்பர்க் என்ற பழைய லாயம். எதிர்ப்பக்கம் பயிற்சி மண்டபம். இரண்டுக்கும் நடுவில் தார்ச்சாலை. சேணம் பூட்டிய வெள்ளைக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சாலையைக் கடக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பக்கத்துச் சதுக்கத்தில் வாடகைக் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சைக்கிள்காரர் ஒருவர் ஒரு காலை ஊன்றிக் காத்திருக்கிறார். குதிரைகள் யாரையும் சட்டை செய்வதில்லை. அவற்றுக்கு இது தினமும் ஆபீஸ் போகிற வழி.

அந்த ஆபீஸின் பெயர் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளி. இருப்பது ஆஸ்திரியாவில் என்றாலும் பெயரில் ஸ்பெயின் வந்ததற்குக் காரணம் குதிரைகள்தான். 16ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் ஸ்பெயினிலிருந்து வரவழைத்த குதிரைகளின் வம்சம் இது. 1580ல், இன்று ஸ்லோவேனியாவில் இருக்கும் லிப்பிட்சா என்ற ஊரில் அவற்றுக்கென ஒரு பண்ணை தொடங்கினார்கள். ஊர்ப்பெயரே இனத்தின் பெயராகி, லிப்பிசானர் ஆனது. வியன்னாவில் இந்தக் குதிரைகளைப் பழக்கும் வேலை 450 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. 2015ல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது கட்டடத்தை அல்ல, குதிரையைப் பழக்கும் அந்தக் கலையை.

கட்டடமும் லேசுப்பட்டதில்லை. பேரரசர் ஆறாம் சார்லஸ் கட்டச் சொல்லி 1729 முதல் 1735 வரை எழுப்பிய மண்டபம். 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 17 மீட்டர் உயரம். 46 தூண்கள் தாங்கும் மாடம், கூரையிலிருந்து தொங்கும் பிரமாண்டமான சரவிளக்குகள், வெள்ளைச் சுவர்கள். கல்யாண மண்டபத்துக்கு ஆசைப்படலாம் போல இருக்கும் இடத்தில், தரையில் மட்டும் மணல். ஒரு கோடியில் ஆறாம் சார்லஸ் குதிரைமேல் இருக்கும் ஓவியம் தொங்குகிறது. உள்ளே வரும் ஒவ்வொரு வீரரும் தன் இருமுனைத் தொப்பியைக் கழற்றி அந்தப் படத்துக்கு வணக்கம் செலுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். பார்வையாளர் பத்தாயிரம் பேர் இருந்தாலும் சரி, ஒருவரும் இல்லாவிட்டாலும் சரி, இந்த வணக்கம் உண்டு.

இங்கே இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, விளக்கும் இசையுமாக நடக்கும் முழு நிகழ்ச்சி. இன்னொன்று, அதைவிட விலை குறைந்த காலைப் பயிற்சி. காலைப் பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்பது அவர்கள் முகத்திலேயே தெரியும். பின்னணியில் மெல்லிய இசை. ஆறேழு குதிரைகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒன்று நடக்கிறது, இன்னொன்று மெதுவாக ஓடுகிறது. யாரும் தாவவில்லை, யாரும் கைதட்டவில்லை.

எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் அதே ஒரு மணி நேரம் போதாது. குதிரையின் கால்களை விட்டுவிட்டு வீரரின் இடுப்பைக் கவனிக்க வேண்டும். குதிரை இடது பக்கம் திரும்புவதற்குக் கண் இமைக்கும் நேரம் முன்னால் வீரரின் பார்வையும் மார்பும் திரும்பியிருக்கும். குதிரை நிற்பதற்கு முன் அவர் முதுகு ஒரு நூல் நிமிர்ந்திருக்கும். கடிவாளத்தைப் பிடித்து இழுத்ததாகவே தெரியாது. குதிரையின் ஒரு காது வீரரின் பக்கம் சாய்ந்திருக்கும். ‘சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்’ என்பதுபோல. வேலை சரியாக வந்த உடனே வீரரின் கை கோட்டின் வால்பகுதிக்குப் போகும். அங்கே ஒரு ரகசியப் பை தைத்திருக்கிறார்கள். அதில் சர்க்கரைக் கட்டி. காபி நிறக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, முழங்காலுக்கு மேல் ஏறிய கறுப்பு பூட்ஸ் என்று இருநூறு வருஷத்துப் பழைய உடுப்பில் இருக்கும் மனிதர், பின்பக்கப் பையில் கைவிட்டுச் சர்க்கரை எடுப்பதைப் பார்க்கையில் தாத்தா ஒருவர் பேரனுக்கு மிட்டாய் எடுப்பது போலவே இருக்கும்.

கயிறும் இல்லை, பிடியும் இல்லை

இந்தப் பள்ளியில் சேரும் புது மாணவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த வயதினர். விடியும் முன்பே லாயத்துக்கு வந்து சாணி அள்ளுவதும், குதிரையைத் தேய்த்துவிடுவதும், சேணத்தைத் துடைத்து எண்ணெய் போடுவதும் அன்றாட வேலை. அதற்குப் பிறகுதான் சவாரிப் பாடம். அந்தப் பாடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

மாணவரைக் குதிரைமேல் ஏற்றுவார்கள். கால் வைக்கும் அங்கவடியைக் கழற்றிவிடுவார்கள். கடிவாளத்தையும் கையில் தரமாட்டார்கள். ஆசிரியர் நடுவில் நின்று நீளமான வாரைப் பிடித்துக்கொள்வார். குதிரை அவரை வட்டமாகச் சுற்றி வரும். முதலில் நடை, பிறகு குதியோட்டம், பிறகு பாய்ச்சல். மாணவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உட்கார்ந்திருக்க வேண்டும். இது ஒரு வாரமோ இரண்டு வாரமோ அல்ல, பல மாதங்கள் நடக்கும். ஏற்கெனவே ஊரில் சவாரி கற்று, கோப்பை வாங்கியவராக இருந்தாலும் முதலில் இந்த வட்டத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

உட்காருவதில் என்ன இவ்வளவு பாடம் என்று தோன்றலாம். பயந்த மனிதர் ஒருவர் குதிரைமேல் என்ன செய்வார் என்று யோசித்தால் புரியும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முழங்காலால் குதிரையை இறுக்கிப் பிடிப்பார். கால் இறுகினால் குதிரைக்கு அது ‘போ’ என்ற கட்டளை. குதிரை வேகமெடுக்கும். இன்னும் பயந்து கடிவாளத்தைப் பிடித்து இழுப்பார். அது ‘நில்’ என்ற கட்டளை. ஒரே நொடியில் ‘போ’வும் ‘நில்’லும் வந்தால் அந்தப் பிராணி என்னதான் செய்யும்? வாயில் வலி, விலாவில் அழுத்தம், முதுகில் மரக்கட்டை மாதிரி விறைத்த ஒரு பாரம். அது தலையை உதறும், பின்னங்காலில் எழும், இல்லாவிட்டால் ஓடும். கீழே விழுந்தவர் சொல்வார், ‘முரட்டுக் குதிரை!’

அதனால்தான் பிடிக்க எதுவும் தராமல் ஏற்றுகிறார்கள். பிடிமானம் இல்லாதபோது உடம்பு தன் திருட்டுத்தனங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சு நின்றால் முதுகு இறுகும், முதுகு இறுகினால் குதிரையின் அசைவு மேலே வர வழியில்லாமல் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். இன்னொருவர் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். மனிதத் தலை நாலைந்து கிலோ கனம். அது முன்னால் சாய்ந்தால் மொத்த எடையும் குதிரையின் முன்னங்கால்மேல் போகும். மூன்றாமவருக்கு வலது இடுப்பு எப்போதும் கொஞ்சம் சரிந்திருக்கும். பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் மாட்டிய பழக்கமோ, நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்த பழக்கமோ, என்னவோ. பதினேழு வருஷமாக அவருக்கே தெரியாத அந்தச் சரிவைக் குதிரை பதினேழு அடியில் கண்டுபிடித்துவிடும். வட்டத்தை விட்டு ஒரு பக்கமாக விலகி விலகிப் போகும்.

ஆசிரியர் கத்துவதில்லை. ‘தோள்’, ‘மூச்சு’, ‘முழங்கால்’ என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வதோடு சரி. மீதியைக் குதிரை சொல்லிக்கொடுக்கும். மாணவர் எந்த நொடியில் இறுக்கத்தை விடுகிறாரோ, அந்த நொடியில் கீழே இருக்கும் முதுகும் இளகி, அவரை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒருமுறை அதை அனுபவித்த உடம்பு மறுபடி அதைத் தேடும். வார்த்தையால் விளக்கிப் புரியவைக்க முடியாத பாடம் என்பதால்தான் இங்கே பாடப்புத்தகத்தைவிட ஆளிடமிருந்து ஆளுக்கு வரும் வழக்கத்துக்கு மதிப்பு அதிகம். 1733ல் வந்த பிரெஞ்சுக்காரர் கெரினியேரின் குதிரையேற்ற நூலைத்தான் இந்தப் பள்ளி ஆதாரமாகக் கொள்கிறது. ஆனாலும் நூலைப் படித்து யாரும் உட்காரக் கற்றதில்லை.

மாணவரைச் சுமக்கும் இந்த வேலைக்கு இளங்குதிரைகளை விடமாட்டார்கள். அரங்கில் பல வருஷம் ஆடிப் பழுத்த கிழட்டு ஆண்குதிரைகளுக்குத்தான் இந்தப் பொறுப்பு. இருபது வயதைக் கடந்த குதிரையின் முதுகில் பதினேழு வயதுப் பையனோ பெண்ணோ. எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிய அனுபவம் அந்தக் குதிரைக்கு. தப்பாகக் கேட்டால் செய்யாது. சரியாகக் கேட்டால் உடனே செய்யும். 1939 முதல் 1965 வரை பள்ளியின் தலைவராக இருந்த அலோய்ஸ் பொதாய்ஸ்கி தன் நினைவுகளை எழுதியபோது, குதிரைகளைத் தன் ஆசிரியர்கள் என்றே தலைப்பில் குறிப்பிட்டார். அவர் 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் குதிரையேற்றத்தில் வெண்கலம் வாங்கியவர். அப்படிப்பட்டவர் சொன்னதை உபசார வார்த்தை என்று தள்ளிவிட முடியாது.

ஒரு ஈயின் கனம்

குதிரையின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இதெல்லாம் மாயமாகத் தோன்றாது. அது சுமார் 500 கிலோ எடை கொண்ட பிராணி. ஆனால், ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும். ஈயின் கனம் தெரிகிற முதுகுக்கு, அறுபது கிலோ மனிதர் மூச்சை அடக்கினால் தெரியாமல் போகுமா? கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் குருட்டுப் பகுதி. வேட்டையாடப்படும் இனம் என்பதால், பக்கத்தில் நிற்பவன் என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் செய்வதற்கு முன்பே ஊகித்தாக வேண்டும். ஊகிக்கத் தெரியாத குதிரைகளை ஓநாய்கள் என்றைக்கோ தின்று தீர்த்துவிட்டன.

குதிரையின் இந்தத் திறமை வியன்னாவுக்கு வெளியேயும் ஒருமுறை உலகத்தையே ஏமாற்றியிருக்கிறது. பெர்லினில், ஓய்வுபெற்ற ஆசிரியரான வில்ஹெம் ஃபான் ஓஸ்டன் என்பவர் தன் குதிரை ஹான்ஸுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ‘மூணும் ரெண்டும் எத்தனை?’ என்றால் ஹான்ஸ் குளம்பால் ஐந்து தட்டும். கூட்டம் அலைமோதியது. 1904ல் நிபுணர் குழு ஒன்று வந்து ஆராய்ந்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் ஹான்ஸுக்கும் தெரிந்தது. கேட்பவருக்கே தெரியாத கணக்கென்றால் ஹான்ஸ் உளறியது. கேட்பவரைப் பார்க்க முடியாமல் கண்ணை மறைத்தாலும் உளறியது. குதிரை எண்ணவே இல்லை. குளம்பு சரியான எண்ணைத் தொடும்போது கேட்பவரின் தலை தானறியாமல் ஒரு இம்மி நிமிரும். அதைப் பார்த்துத்தான் அது நிறுத்தியது.

இதில் பலரும் சொல்லாமல் விடுகிற ஒரு சங்கதி உண்டு. ரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையை முழுதாக அடக்க முடியவில்லை. தெரிந்தே நின்றும் உடம்பு காட்டிக்கொடுத்தது. கணக்கு தெரியாத குதிரை என்று ஹான்ஸைச் சிரித்து ஒதுக்கியவர்கள், ஒரு மனிதக் கூட்டத்தையே எழுத்துக்கூட்டிப் படித்த குதிரை அது என்பதைக் கவனிக்கவில்லை.

ஸ்வீடனில் செய்த ஒரு சோதனை இன்னும் எளிமையானது. 2009ல் அதன் முடிவு வெளியானது. ஆட்களைக் குதிரையோடு இரண்டு இடங்களுக்கு நடுவே நான்கு முறை போகச் சொன்னார்கள். சிலர் நடத்திக்கொண்டும் சிலர் ஏறிக்கொண்டும் போனார்கள். நான்காவது முறைக்கு முன்னால், ‘இந்தத் தடவை நீங்கள் கடக்கும்போது குடையைச் சட்டென்று விரிப்போம்’ என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனால், மனிதரின் இதயத் துடிப்பும் ஏறியது. குதிரையின் இதயத் துடிப்பும் ஏறியது. குடை என்ற வார்த்தை குதிரைக்குத் தெரியாது. மனிதரின் பயம் தெரிந்தது.

ஏறக்குறைய 2,350 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்கத் தளபதி செனபன் எழுதிய குதிரையேற்ற நூலிலேயே இதன் வேர் இருக்கிறது. கோபத்தோடு குதிரையிடம் போகக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. படைத் தளபதி இதைச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து லாயத்துக் கதவைத் திறப்பவர், முகத்தில் எவ்வளவு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டாலும் தோளும் மூச்சும் வேறு கதை சொல்லும். இந்தப் பள்ளியில் தேறுகிறவர்களுக்குச் சவாரியோடு சேர்ந்து இன்னொரு பழக்கமும் படிந்துவிடுகிறது. சேணத்தில் ஏறும் முன் தன்னைத் தானே ஒரு கணம் எடைபோட்டுக்கொள்ளும் பழக்கம்.

இருண்டு பிறந்து வெளுக்கும் குட்டிகள்

லிப்பிசானர் குட்டிகள் பிறக்கும்போது கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். வெள்ளையாக ஆறு முதல் பத்து வருஷம் ஆகும். எப்போதாவது ஒன்று கடைசிவரை பழுப்பாகவே நின்றுவிடும். அப்படி ஒரு பழுப்புக் குதிரையாவது லாயத்தில் இருந்தால் அதிர்ஷ்டம் என்பது பள்ளியின் நம்பிக்கை. குட்டிகள் பிறப்பது வியன்னாவில் அல்ல. தெற்கே கிராஸ் நகருக்கு மேற்கில், மலையடிவாரத்தில் இருக்கும் பீபர் என்ற ஊரில். 1920 முதல் பண்ணை அங்கேதான். இளம் ஆண்குதிரைகளைக் கோடைக் காலத்தில் மலைமேல் இருக்கும் புல்வெளிக்கு ஓட்டிவிடுகிறார்கள். கல்லும் சரிவுமான அந்தத் தரையில் ஏறி இறங்கி, மழையில் நனைந்து, தங்களுக்குள் சண்டை போட்டு, சமாதானமாகி, சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொள்கின்றன. மனிதரின் முதுகுப் பாடம் வட்டத்துக்குள் என்றால் குதிரையின் கால் பாடம் மலையில்.

நாலு வயதை ஒட்டித்தான் வியன்னாவுக்கு வருகின்றன. பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது இது பெரிய நிதானம். முதல் வருஷம் நேராக நடக்கவும், நேராக ஓடவும், முதுகில் ஒருவர் இருப்பதைப் பழகவும் மட்டும். முழுப் பயிற்சிக்கு ஆறு வருஷம் பிடிக்கும். அதன் கடைசியில், அதுவும் எல்லாக் குதிரைகளுக்கும் அல்ல, சிலவற்றுக்கு மட்டும், தரையை விட்டு எழும் வித்தைகள். பின்னங்கால்களை மடக்கி அமர்ந்த நிலையில் முன்னுடம்பைத் தூக்கிச் சிலைபோல நிற்பது லெவாட். அந்தரத்தில் எழும்பி அங்கேயே பின்னங்கால்களை உதைத்து நீட்டுவது காப்ரியோல். அந்த நேரத்தில் மேலே இருக்கும் வீரருக்கு அங்கவடி கிடையாது. மாணவப் பருவத்தில் மாதக்கணக்கில் வெறுங்காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததற்கான கணக்கு இங்கேதான் தீர்கிறது.

எந்தக் குதிரைக்கு எந்த வித்தை வரும் என்பதை ஆள் தீர்மானிப்பதில்லை. ஒன்று உற்சாகம் வந்தால் துள்ளும். அதைத் துள்ளலில் வளர்ப்பார்கள். இன்னொன்று பின்பக்கம் பலமாக, பொறுமையாக இருக்கும், அதற்கு லெவாட். மூன்றாவதற்கு எதுவும் வராது. அது அழகாக நடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை வளர்ப்பவர்கள் ஒரு தரம் வந்து பார்க்கலாம்.

மாணவருக்கும் இதே நிதானம்தான். மாணவர் நிலையில் நாலைந்து வருஷம். பிறகு உதவி வீரர். அவரிடம் ஒரு பச்சைக் குதிரையை ஒப்படைப்பார்கள். ஒன்றும் தெரியாத அந்தக் குதிரையை அரங்கில் ஏறும் அளவுக்கு அவர் வளர்த்துக் காட்டினால்தான் முழு வீரர். அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிடும். நடுவில் விலகிப்போனவர்கள் நிறைய. பல நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே இருந்த இந்த வரிசையில், 2008ல்தான் முதன்முறையாக இரண்டு பெண்கள் மாணவிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். இவ்வளவு தாமதத்துக்குப் பாரம்பரியத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் தென்படவில்லை. குதிரைகள் எந்த ஆட்சேபமும் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

தீயும் போரும்

இப்படி வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த நம்பிக்கை, சோதனை வந்தால் தாங்குமா? இந்தப் பள்ளிக்கு இரண்டு முறை அந்தச் சோதனை வந்தது.

1945ல் வியன்னாமேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பொதாய்ஸ்கி ஆண்குதிரைகளை ரயிலில் ஏற்றி மேல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் மார்ட்டின் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். பெட்டைக் குதிரைகளும் குட்டிகளும் ஏற்கெனவே ஜெர்மானியப் படையால் பொஹீமியாவின் ஹோஸ்டாவ் பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. பஞ்சக் காலம். குதிரை என்றால் பலருக்கு இறைச்சி என்றுதான் தோன்றும். மே 7ஆம் தேதி, ஐரோப்பாவில் போர் முடிவதற்கு முந்தைய நாள், அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் அந்த ஊருக்கு வந்தார். அவரும் 1912 ஒலிம்பிக்ஸில் பங்கேற்றவர், குதிரையேற்றம் தெரிந்தவர். பழகிய மண்டபம் இல்லை, சரவிளக்கு இல்லை. அந்நிய முற்றத்தில், அந்நிய ராணுவத்தின் முன்னால் குதிரைகள் ஆடின. ஆட்டம் முடிந்ததும் பொதாய்ஸ்கி குதிரையோடு பேட்டன் முன் வந்து, தொப்பியைக் கழற்றி, பள்ளிக்குப் பாதுகாப்புக் கேட்டார். கிடைத்தது. ஹோஸ்டாவிலிருந்த குதிரைகளை அதற்குச் சில நாட்கள் முன்பே அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று தன் வசமாக்கியிருந்தது. வியன்னாவுக்குப் பள்ளி திரும்பி வந்தது 1955ல்தான். டிஸ்னி நிறுவனம் 1963ல் இதைப் படமாகவும் எடுத்தது.

இரண்டாவது, 1992 நவம்பர் மாதத்து இரவு. ஹோஃப்பர்க் அரண்மனையின் ஒரு பகுதி தீப்பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு அடுத்த சுவர். சுமார் 70 ஆண்குதிரைகளை உடனே வெளியேற்ற வேண்டும். பள்ளிக்காரர்கள் மட்டும் போதவில்லை. தெருவில் போனவர்களின் கையில்கூடக் குதிரையைக் கொடுத்தார்கள். நடு இரவு, புகை, சைரன் சத்தம், பக்கத்தில் நெருப்பு. வாழ்நாளில் குதிரையைத் தொட்டிராத ஆட்களோடு, அந்த ஆண்குதிரைகள் நடந்து பக்கத்துப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. நெருப்பைப் பார்த்தால் ஓடு என்று இயற்கை சொல்லிவைத்த பிராணிகள் அவை. மனிதக் கை என்றால் பயப்பட வேண்டியதில்லை என்பதைக் குட்டிப் பருவத்திலிருந்து கற்றிருந்தன. அத்தனை குதிரைகளும் தப்பின.

இன்றைக்கு வந்திருப்பது வேறு மாதிரிச் சோதனை. 2001ல் பள்ளி அரசுத் துறையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனமாக ஆனது. டிக்கெட் விற்றால்தான் வண்டி ஓடும். சுற்றுலாப் பயணி இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவர். அவருக்குத் தாவல் வேண்டும், போட்டோ வேண்டும். குதிரைக்கோ ஆறு வருஷம் வேண்டும். நிகழ்ச்சிகளைக் கூட்டினால் பயிற்சிக்கு நேரம் குறையும். இந்த இழுபறி வருஷா வருஷம் அந்த ஊரில் பேச்சாகிறது. நகரத்தின் நடுவே லாயத்தில் ஆண்குதிரைகள் தனித்தனியாக நிற்பதைப் பார்த்து, இது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. சுழற்சி முறையில் குதிரைகளை வியன்னாவுக்கு வெளியே ஹெல்டன்பெர்க் என்ற இடத்துக்கு விடுமுறைக்கு அனுப்புகிறார்கள்.  காட்டுப் பாதையில் சவாரி, நிறைய பச்சை. காலைப் பயிற்சியில் உட்காரும் பார்வையாளர், ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்று எழுந்து போகாமல் இருப்பதும் ஒருவகையில் குதிரைக்குச் செய்யும் உதவிதான். மெதுவான வேலைக்கும் டிக்கெட் விற்கும் என்று தெரிந்தால், அவசரப்படுத்த நிர்வாகத்துக்கு ஒரு காரணம் குறையும்.

நேரம் இருப்பவர்கள் வியன்னாவோடு நிறுத்திக்கொள்ளாமல் பீபர் வரைக்கும் போய்வரலாம். பண்ணையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் போனால் தாயோடு குட்டிகளைப் பார்க்கலாம். அரங்கிலிருந்து ஓய்வுபெற்ற கிழட்டு வாத்தியார்களும் அங்கேதான். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றைச் சொல்லி அழைத்துப் போவது நல்லது: வேலி ஓரம் போனதும் கையை நீட்டிக் கூப்பிட வேண்டாம், ஓட வேண்டாம். தோளைத் தளர்த்தி, சாதாரணமாக மூச்சு விட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நின்றால் போதும். கறுப்புக் குட்டி ஒன்று முதலில் காதை நிமிர்த்தும். பிறகு அம்மாவைப் பார்க்கும். பிறகு இரண்டடி வரும், நிற்கும், மறுபடி அம்மாவைப் பார்க்கும். இதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகலாம். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்வது உத்தமம்.